முதியவர்களின் மூட்டு முறிவு: பிளேட்டா, செயற்கை மூட்டா?

வயதானவர் தடுக்கி விழுந்து, முழங்கால் மூட்டுக்குள்ளேயே எலும்பு முறிந்து விலகிவிட்டால் இரண்டு வழிகள் பேசப்படும். உடைந்ததைச் சேர்த்து பிளேட், ஸ்க்ரூ போடுவது ஒன்று. மூட்டையே மாற்றிவிடுவது மற்றொன்று. விலகாத முறிவு என்றால் பெரும்பாலும் இரண்டுமே வேண்டாம்.

பிளேட் போட்டால் சொந்த மூட்டு மிஞ்சும். பல காலமாகக் கைகண்ட முறை. சிக்கல் அதற்கப்புறம்தான். எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்களுக்கு ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காமல் தளரலாம். பல முறிவுகளில் 6 முதல் 12 வாரம் வரை காலில் முழு எடையை ஊன்ற விடமாட்டார்கள். இளையவர் ஊன்றுகோலில் சமாளிப்பார். 80 வயதுக்காரர் படுக்கையிலேயே தங்கிவிடுவார். படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, காலில் ரத்தக்கட்டு எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. எனக்கு முறிவைவிட இந்த வாரங்கள்தான் பெரிய ஆபத்தாகத் தெரிகின்றன.

செயற்கை மூட்டு இந்த இடத்தில் முந்துகிறது: பெரும்பாலும் சில நாட்களிலேயே எடை ஊன்றி நடக்கலாம். முன்பே மூட்டுவாதம் முற்றியவருக்கு அந்த வலியும் சேர்ந்தே தீரும். ஆனால் இது வழக்கமான மூட்டு மாற்று இல்லை. எலும்புக்குள் இறங்கும் நீண்ட தண்டும், சில சமயம் கதவுக் கீல் போன்ற அமைப்பும் கொண்ட பெரிய மூட்டு தேவைப்படும். அனுபவமுள்ள மருத்துவர் வேண்டும். தொற்று வந்தால் மறுபடி அறுவை, சில நேரம் ஒன்றுக்கு மேல்.

நன்றாக நடமாடிக்கொண்டிருந்த, எலும்பு உறுதியான 65 வயதுக்காரருக்கு பிளேட்டே சரி. எலும்பு நொறுங்கி, மூட்டும் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் மாற்று மூட்டைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.