தெகார்த்தா, ஹியூமா: ‘நான்’ எங்கே இருக்கிறது?

பிரான்ஸில் லா ஃபிளேஷ் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த இயேசு சபைக் கல்லூரியில்தான் பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே தெகார்த் சிறுவயதில் படித்தார். நூறாண்டுக்கு மேல் கழித்து, 1730-களில், இருபத்துச் சொச்சம் வயது ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் அதே ஊரில் தங்கித் தன் முதல் நூலை எழுதினார். தெகார்த் கண்டெடுத்த ‘நான்’, ஹியூமின் கைக்கு அகப்படவே இல்லை.

தெகார்த் 1641-ல் வெளியிட்ட ‘தியானங்கள்’ நூலில் ஒரு துண்டு தேன்மெழுகை எடுத்துக்கொள்கிறார். கூட்டிலிருந்து அப்போதுதான் எடுத்தது. தேனின் ருசி இன்னும் ஒட்டியிருக்கிறது, பூவாசம் போகவில்லை. தொட்டால் கெட்டியாக, சில்லென்று இருக்கிறது. விரலால் தட்டினால் சத்தம் வருகிறது. நெருப்பருகே கொண்டுபோனதும் ருசி போச்சு, வாசம் போச்சு, உருகி வழிகிறது, தட்டினால் சத்தமில்லை. அப்படியும் ‘அதே மெழுகு’ என்கிறோமே, எதை வைத்து? புலன்கள் சொன்ன எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே அறிவது புத்திதான் என்கிறார். எல்லாவற்றையும் சந்தேகித்தாலும், சந்தேகிக்கிற நான் இருந்தாக வேண்டும். அதுதான் அவர் காலூன்றும் தரை.

அந்த ‘நானை’த் தேடி ஹியூம் உள்ளே போகிறார். சூடு, குளிர், வெளிச்சம், நிழல், அன்பு, வெறுப்பு, வலி, இன்பம் என ஏதாவது ஒன்றுதான் தட்டுப்படுகிறது. இவற்றுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. உணர்வுகளைச் சேர்த்த ஒரு கட்டுக்குத்தான் ‘நான்’ என்று பேர் வைத்திருக்கிறோம் என்று முடிக்கிறார்.

இயற்கையிலும் இதே பிளவு. தெகார்த்துக்கு அது கணக்கில் அடங்கும் பெரிய இயந்திரம். விலங்குகளும் அதில் சேர்த்தி. ஹியூமோ பில்லியர்ட்ஸ் பந்தைக் காட்டுகிறார். ஒன்று மோதுகிறது, மற்றது உருள்கிறது. உருண்டே தீர வேண்டிய கட்டாயத்தை யார் பார்த்தார்கள்? பார்த்துப் பழகிய மனம் எதிர்பார்க்கிறது, அவ்வளவே.

தெகார்த்துக்கு ஆன்மா வேறு, உடம்பு வேறு. அப்படியானால் உடம்பில்லாத ஆன்மா உடம்பை எப்படி அசைக்கும் என்று பொஹீமியா இளவரசி எலிசபெத் 1643-ல் தெகார்த்துக்குக் கடிதம் எழுதினார். அவர் தந்த விளக்கத்தால் இளவரசிக்குத் திருப்தியில்லை, எனக்கும் இல்லை. அதற்காக ஹியூமிடம் ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டு என்றால் கட்டிய கயிறு எது? என் உணர்வும் உங்கள் உணர்வும் ஏன் ஒரே கட்டுக்குள் கலந்துவிடவில்லை? 1740-ல் அந்த முதல் நூலுக்குச் சேர்த்த பின்னிணைப்பில் ஹியூமே இந்த முடிச்சில் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறார். தன்னால் அவிழ்க்க முடியவில்லை என்று எழுதியே வைத்தார். என் வாக்கு அவருக்கு விழுவது அந்தப் பக்கங்களுக்காகத்தான்.