குகை இருளில் உணவு: மீன் கொண்டுவருவதா, பாக்டீரியா ஆக்குவதா?

வெளிச்சம் எட்டாத குகையில் பாசி வளராது. உணவு வேறு வழியில்தான் வந்தாக வேண்டும். மத்தியதரைக் கடல் குகைகளில் அதைச் சுமந்து வருபவற்றில் ஒன்று, சின்னஞ்சிறு சிவப்புக் கார்டினல் மீன். பகலெல்லாம் குகைக்குள் கூட்டமாக ஒதுங்கியிருக்கும். இருட்டியதும் வெளியே போய் இறால் போன்ற சிறு உயிர்களை வேட்டையாடிவிட்டுத் திரும்பும். உள்ளே அது இடும் எச்சம் தரையில் படிந்து, அங்குள்ள உயிர்களுக்கு இரையாகிறது. எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் மீன் குறைந்தால் வரத்தும் குறையும்.

ருமேனியாவின் மோவிலே குகை (கண்டறியப்பட்டது 1986) இதற்கு நேரெதிர். நீரிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடையும் மீத்தேனையும் கொண்டு பாக்டீரியாக்களே அங்கு உணவை ஆக்குகின்றன. வெளியுலகை அது எதிர்பார்ப்பதில்லை. வியப்புதான். ஆனால் அந்த வாயுக்கள் எல்லாக் குகைகளுக்கும் வாய்ப்பதில்லை; ஆகவே என் கணிப்பில் மீனின் உழைப்பே பெரிது.