மாயக் கோட்டைக்குப் போய் டைனிங் ஹாலைப் பார்த்துவிட்டு வந்த கதை

"குழந்தைகளுக்கான மாயப் பள்ளி", "ஒரு நாள் மந்திரவாதி" என்கிற மாதிரி விளம்பரம் கண்ணில் பட்டால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகளைக் கூட்டிக்கொண்டு சென்னையில் அப்படி ஒன்றுக்குப் போய் 3,569 ரூபாயைத் தொலைத்துவிட்டு வந்தேன். நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை. போட்டாலும் பயனில்லை, ஊருக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பாப்பாவுக்கு ஐந்தரை வயது. போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் அவள் மாமா அவள் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு ரூபாய் நாணயம் எடுத்துக் காட்டினான். அன்றிலிருந்து வீட்டில் யார் காதுக்கும் நிம்மதி இல்லை. இந்த நேரம் பார்த்து இன்ஸ்டாகிராமில் அந்த விளம்பரம். கல் தூண்கள், அந்தரத்தில் மிதக்கும் மெழுகுவர்த்திகள், கறுப்பு அங்கி போட்ட குழந்தைகள், ஒரு வெள்ளை ஆந்தை. ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்தது என்று பார்த்தவுடன் தெரியும். ஆனால் அந்தப் பெயரை மட்டும் எங்கும் எழுதவில்லை, அதில் கெட்டிக்காரர்கள். 90 நிமிடம், நான்கு அறைகள், ஒரு பேட்சுக்கு 20 குழந்தைகள், மந்திரக் கஷாய வகுப்பு, பறக்கும் பயிற்சி, கோட்டைக்குள் உலா என்று நீளமாகப் பட்டியல்.

என் மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். "ஏங்க, ஆந்தைய வச்சிருக்கற பொண்ணுக்குக் கையில ஆறு விரல் இருக்கு பாருங்க." விளம்பரப் படம்தானே, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். கூர்ந்து பார்த்திருந்தால், அலமாரியில் அடுக்கியிருந்த புத்தகங்களின் முதுகில் உலகத்தில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் இருந்ததையும் கவனித்திருப்பேன். இடத்தைப் போட்டோ எடுத்துப் போடாமல் ஏஐ-யிடம் படம் வரைந்து வாங்கிப் போட்டால், போட்டோ எடுக்க அங்கே எதுவும் இல்லை என்றுதானே அர்த்தம்?

2024 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த கூத்து அப்போதே எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சாக்லேட் மாய உலகம் என்று இதே மாதிரி ஏஐ படங்களைக் காட்டி 35 பவுண்டு வரை டிக்கெட் விற்றார்கள். போய்ப் பார்த்தால் ஏறக்குறைய காலியான ஒரு கிடங்கு, அங்கங்கே சில பொம்மை அலங்காரம், குழந்தைகளுக்குச் சில ஜெல்லி மிட்டாய், சின்னக் கப்பில் கொஞ்சம் எலுமிச்சை பானம். பெற்றோர்கள் சத்தம் போட, போலீஸ் வர, பாதி நாளிலேயே மூடிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். குழந்தைக்கு 1,499. எட்டு வயதுக்குக் கீழே என்றால் கூட ஒரு பெரியவர் கட்டாயம், அவருக்கு 799. கன்வீனியன்ஸ் ஃபீஸ், அதற்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 2,569 ஆனது. நான் ஃபார்மை நிரப்பும்போது மேலே சிவப்பில் "இன்னும் 3 இடங்களே" என்று கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இப்படிப் பொய் அவசரம் காட்டுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடைசெய்திருக்கிறது. மொத்தம் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் இதுவும் ஒன்று. அன்று ராத்திரி சும்மா திரும்பப் போய்ப் பார்த்தேன். அப்போதும் மூன்று இடங்கள்தான் மிச்சம் இருந்தன.

இடம், ஓஎம்ஆரிலிருந்து உள்ளே திரும்பி இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்யாண மண்டபம். கல்யாண மண்டபம் என்று டிக்கெட்டில் இல்லை, 'கன்வென்ஷன் சென்டர்' என்று இருந்தது. வாசலில் கோட்டை நின்றது, ஃப்ளெக்ஸில். காற்றடிக்கும்போதெல்லாம் கோட்டை உப்பி உப்பி அடங்கியது. அதற்குப் பின்னால் முந்தின நாள் ரிசப்ஷனின் தெர்மாகோல் எழுத்துகளைக் கழற்றாமல் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். மணப்பெண் பெயரின் கடைசி இரண்டு எழுத்து வெளியே தெரிந்தது. பாப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா, மந்திரவாதி பேரா இது?" என்றாள்.

உள்ளே நுழைந்ததும் அங்கிக்கு வாடகை 300. அங்கி இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம், அதை டிக்கெட்டில் சொல்லவில்லை. மந்திரக்கோல் 450. வாங்காமல் இருக்கலாம்தான். ஆனால் வரிசையில் முன்னால் நிற்கும் எல்லாக் குழந்தைகள் கையிலும் கோல் இருக்கும்போது ஐந்தரை வயதுப் பிள்ளையிடம் போய்ச் சிக்கனம் பேச முடியுமா? வாங்கினேன். சைனீஸ் ஹோட்டலில் நூடுல்ஸோடு தருவார்களே, அந்த மரக்குச்சி. அதன்மேல் பசைத் துப்பாக்கியால் சுருள் சுருளாகப் பசை இழுத்து பிரவுன் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் முழுதாகக் காயவில்லை. பாப்பாவின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு, மறுநாள் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துத்தான் போனது.

20 குழந்தைகள் என்றவர்கள் எங்கள் பேட்சில் மட்டும் 60-க்கு மேல் ஏற்றியிருந்தார்கள். நான் 63 வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். நான்கு அறைகள் என்றது மண்டபம், மணமகள் அறை, மணமகன் அறை, டைனிங் ஹால். இருபத்தைந்து நிமிடம் வரிசையிலேயே போனது. ஏசி போடவில்லை, புகை மெஷின் மட்டும் விடாமல் ஓடியது. கைக்குழந்தைகள் இருமிக்கொண்டே இருந்தார்கள்.

கஷாய வகுப்பு டைனிங் ஹாலில். பந்திக்கு விரிக்கும் பேப்பர் ரோலை அப்படியே டேபிளில் விரித்து, ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வைத்திருந்தார்கள். ஹாலில் இன்னும் முந்தின நாள் ரசத்தின் பெருங்காய வாசனை. டம்ளரில் ஆப்ப சோடா, கலர் பொடி, மேலே வினிகர். நுரைத்துப் பொங்கியது, அவ்வளவுதான். ஆனாலும் குழந்தைகள் "ஹே" என்று கத்தினார்கள், அதை மறைக்கக் கூடாது. இன்னொரு தடவை ஊற்றச் சொல்லிக் கேட்டார்கள். "ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர்தான்" என்று பதில் வந்தது. பந்தியில் வடைக்குச் சொல்வது போல.

மந்திரவாதியாக வந்த பையன் காலேஜ் படிப்பவன். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஒட்டுத்தாடி வியர்வையில் நழுவ நழுவ, அத்தனை குழந்தைகளையும் சமாளிக்கத் தன்னால் ஆனதைச் செய்தான். வசனப் பேப்பரே முந்தின நாள் ராத்திரிதான் வாட்ஸ்அப்பில் வந்ததாகச் சொன்னான். சம்பளத்தை நிகழ்ச்சி முடிந்த பிறகு தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். கிடைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பறக்கும் பயிற்சி என்றால், பச்சைத் துணி முன்னால் தென்னந்துடைப்பத்தை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நிற்பது. ஒரு போட்டோ, 250 ரூபாய். மேகத்துக்கு நடுவில் பறப்பது போல மாற்றி அனுப்புவதாகச் சொன்னார்கள். நான்கு நாள் கழித்து வந்தது. பச்சைத் துணி தரை வரைக்கும் எட்டாததால், பாப்பாவின் கால் இரண்டும் கணுக்காலோடு வெட்டுப்பட்டு மேகத்துக்குள் போயிருந்தது.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பண விஷயம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

வெளியே வரும் வழியில் ஒரு கவுன்டரில் புகை வரும் ஜூஸ் விற்றார்கள். பேப்பர் கப்பில் பச்சைச் சர்பத், அதிலிருந்து வெள்ளையாகப் புகை வழிந்தது. அடியில் வெள்ளைக் கட்டித் துண்டு கிடந்து குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. விற்ற பையனிடம் "இது டிரை ஐஸா, நைட்ரஜனா தம்பி?" என்று கேட்டேன். "ஸ்மோக் சார்" என்றான். என் பக்கத்தில் ஏழு வயது இருக்கும் ஒரு சிறுவன், சர்பத்தைக் குடித்து முடித்துவிட்டு அந்தத் துண்டை விரலால் எடுக்கப் பார்த்தான். அவன் அம்மாவிடம் சொல்லிக் கப்பைக் கீழே வைக்க வைத்தேன்.

டிரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி குளிர். தொட்டால் நெருப்புச் சுட்ட மாதிரித் தோல் வெந்துபோகும். விழுங்கினால் உள்ளே என்ன ஆகும் என்பதை 2024 மார்ச்சில் குருகிராமில் பார்த்தோம். ஓர் உணவகத்தில் வாய்ப் புத்துணர்ச்சிக்கு என்று தவறுதலாக டிரை ஐஸைக் கொடுக்க, ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடுத்த மாதமே கர்நாடகாவின் தாவணகெரேயில் ஒரு சிறுவன் பொருட்காட்சியில் ஸ்மோக் பிஸ்கட் தின்று வலியில் துடித்த வீடியோ பரவியது. அந்தப் பிஸ்கட்டில் புகை வந்தது திரவ நைட்ரஜனால். அதற்குப் பிறகுதான் நம் உணவுப் பாதுகாப்புத் துறை திரவ நைட்ரஜனை உணவோடு நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தது. மந்திரம், மாயம் என்று நடக்கும் இடங்களில் குழந்தைக்கு எதைக் குடிக்கக் கொடுக்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து பாருங்கள். புகை முழுக்க அடங்கி, கப்பில் துண்டு எதுவும் இல்லை என்று உறுதியாகும் வரை வாயில் வைக்க விடாதீர்கள். எனக்கு விட்டால் அந்தக் கவுன்டர் பக்கமே போகவேண்டாம் என்பேன்.

வாசலில் அங்கியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பாப்பா கேட்டாள்: "அப்பா, மேஜிக் எப்ப ஆரம்பிக்கும்?"

வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது, எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் செப்படி வித்தைக்காரர் நினைவுக்கு வந்தார். மூன்று செப்பு, ஒரு பந்து, ஒரு அழுக்குத் துண்டு, அதுதான் அவருடைய கோட்டை. முதலில் வித்தையைக் காட்டுவார், பிறகுதான் துண்டை விரிப்பார். பிடிக்காதவன் காசு போடாமல் போகலாம். அவரைத்தான் ஊரில் ஏமாற்றுக்காரர் என்பார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். "நோ ரீஃபண்ட், டிக்கெட்டிலேயே இருக்கு சார்" என்றார்கள். அப்படி எழுதிவிட்டால் கதை முடிந்துவிடாது. குறைபாடுள்ள சேவைக்கு, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்றுதான் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டேன், தமிழிலேயே பேசிப் புகார் எண் கொடுத்தார்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், டிக்கெட், அங்கிக்கும் கோலுக்கும் ஜிபேயில் கட்டின விவரம், உள்ளே எடுத்த போட்டோக்கள் எல்லாம் என்னிடம் இருந்ததால் பேச்சு சுலபமாக முடிந்தது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் புக் பண்ணும் அன்றே எடுத்து வையுங்கள். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்த விளம்பரப் பக்கமே காணாமல் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் டிக்கெட் விற்ற தளத்திலிருந்து 799 ரூபாய் மட்டும் திரும்ப வந்தது, 'நல்லெண்ண அடிப்படையில்' என்று ஒரு மெயிலோடு. மீதிக்கு நடத்தியவர்களிடம் கேட்கச் சொல்கிறார்கள். அவர்கள் போனை எடுப்பதில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டின தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டியதும் இல்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம். பேப்பர்களை எடுத்து வைத்திருக்கிறேன்.

நடுவில் ஒரு சாயங்காலம், வேலியில் பூத்த சங்குப்பூவைப் பத்துப் பறித்து வெந்நீரில் போட்டுக் கொடுத்தேன். நீலமாக இறங்கியது. பாப்பா அந்த 450 ரூபாய்க் கோலால் ஒரு கலக்குக் கலக்கி, அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். நீலம் அப்படியே ஊதாவாகி ரோஸ் ஆனது. அரை மணி நேரத்தில் ஏழு டம்ளர். கடைசி டம்ளரில் ஆப்ப சோடாவைப் போட்டுப் பச்சையாக்கிவிட்டு, பாட்டியைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னாள்.

நேற்று ராத்திரி மறுபடியும் அந்த விளம்பரம் என் போனில் வந்தது. வேறு பெயர், வேறு லோகோ, அடுத்த சனி ஞாயிறு கோயம்புத்தூரில். டிக்கெட் 1,699 ஆகியிருக்கிறது. இன்னும் மூன்று இடங்கள்தான் மிச்சம் என்கிறது. படம் அதேதான், ஆந்தையைப் பிடித்திருக்கும் அந்த ஆறு விரல் கையோடு.