குன்னூர் ஊருணிக் கிணறு: எந்தக் காசில் சரிசெய்வது?

எங்கள் வார்டில், சரிவுக்குக் கீழே ஒரு உறைக்கிணறு இருக்கிறது. இரண்டு மீட்டர் அகலம். கோடையிலும் மூன்று மீட்டர் தண்ணீர் நிற்கும். குழாயில் தண்ணீர் நாள் தள்ளி வரும் மார்ச், ஏப்ரலில் குடங்கள் அங்கேதான் வரிசை கட்டும். போன கோடையில் அந்தத் தண்ணீரைப் பரிசோதனைப் புட்டியில் பிடித்து அடுப்படி மேடையில் வைத்தேன். மறுநாள் மை மாதிரிக் கறுத்துவிட்டது. மலக்கிருமி இருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். கிணற்றுக்கு இருபதடி மேலே ஒரு செப்டிக் டேங்க். காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, காசு? வார்டில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

முதலாவது, அம்ருத். நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான ஒன்றிய அரசின் திட்டம் இது. 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0-வில், ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள ஊர்களுக்குத் திட்டச் செலவில் பாதியை ஒன்றிய அரசு தரும். 2011 கணக்கெடுப்பில் குன்னூர் நகராட்சியில் சுமார் 45 ஆயிரம் பேர். மலை மாநிலங்களுக்கு 90 சதவீதம் கிடைக்கிறது; நாம் மலையில் இருந்தும் மலை மாநிலத்தில் இல்லாததால் பாதியோடு சரி. மீதியில் நகராட்சியின் பங்குக்குக் கடன் வாங்கலாம். 2002-03-லேயே தமிழ்நாட்டுச் சிறு நகரங்களின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காக ஒன்றாகச் சேர்த்துக் கடன் பத்திரம் வெளியிட்டு 30.41 கோடி ரூபாய் திரட்டினார்கள். ஆனால் ஒற்றைக் கிணற்றுக்காக இந்தக் கதவைத் தட்ட முடியாது. ஊரிலுள்ள கிணறு, ஊற்று எல்லாவற்றையும் ஒரே திட்ட அறிக்கையில் சேர்த்தால்தான் எடுபடும். கடன் வந்தால் வட்டியும் வரும். கடைசியில் அது குடிநீர்க் கட்டணத்தில்தான் ஏறும்.

இரண்டாவது, கம்பெனி நன்கொடை. ஆர்.ஓ. மெஷின், அதாவது மெம்பரேன் என்னும் மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை வடிகட்டும் கருவி, வைத்துத் தருவார்கள். பக்கத்து வார்டில் அப்படி ஒன்று வந்தது. இரண்டாம் வருடம் மெம்பரேன் அடைத்துக்கொண்டது, மாற்றக் காசில்லை, இப்போது ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. மலக்கிருமிக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை, குளோரின் போதும். நைட்ரேட்டுக்குத்தான் அது உதவும். மேலே கேரட், உருளைத் தோட்டங்களில் போடும் உரம் கிணற்றுக்குள் இறங்கினால் குளோரின் அதைத் தொடாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட்டின் அடர்த்தி கூடத்தான் செய்யும். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு இது பெரிய ஆபத்து. ஆர்.ஓ. அதைப் பிரித்தாலும், பிரித்த கழிவுநீர் ஓடைக்குப் போய்ச் சேரும். கீழே இருக்கும் ஊர் அதைக் குடிக்கும்.

மூன்றாவது, தமிழ்நாடு அரசின் 'நமக்கு நாமே' திட்டம். மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். என் ஓட்டு இதற்குத்தான். தூர் வாருவது, உறை இடுக்குகளைப் பூசுவது, கைப்பிடிச் சுவர், சுற்றிலும் சிமென்ட் தளம், மேலே மூடி, இவ்வளவுதான் வேலை. காசு போட்டவர்கள் வாரம் ஒருமுறையாவது கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். இதிலும் குறை உண்டு. குழாய் இணைப்பு உள்ள வீட்டார் கை நீட்டத் தயங்குவார்கள், லைன் வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்க மனமிருந்தும் பணமிருக்காது. அவர்களிடம் நூறு ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது என்பது என் கட்சி.

அப்புறம் மாதச் செலவு. ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. நம் கிணற்றில் சுமார் 9,400 லிட்டர், ஒரு தடவைக்கு 24 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. ஒரு கிலோ நாற்பது தடவைக்கு வரும். இந்தச் செலவை எந்த வார்டும் தாங்கும். அதை ஊற்ற ஒரு ஆள்தான் வேண்டும்.

செப்டிக் டேங்க் இப்போது இருக்கிற நிலையிலேயே இருந்தால் மேலே சொன்ன எந்தக் காசும் வீண்தான். அதைச் சீல் செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர், செய்ய வைக்க வேண்டியது நகராட்சி.

போன செவ்வாய்க்கிழமை நைட்ரேட் பரிசோதனைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். குடிநீருக்கான வரம்பான லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள் வந்தால் வீடு வீடாக வசூலுக்குப் போகிறோம். எதிர்வீட்டு அக்கா முதல் ஐந்நூறைத் தருவதாக இப்போதே சொல்லிவிட்டார்.