குளிர்நீரில் கயாக் மீன்பிடி: பல பருவங்கள் போட்டுத் தேய்ந்த டிரை சூட் பற்றி

ஏப்ரல் கடைசியில் ரொறன்ரோவின் ஸ்காபரோ புளஃபர்ஸ் பார்க் படகுத்துறையில் காற்று 18 பாகை செல்சியஸ் காட்டும். ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் 5 பாகையைத் தாண்டியிருக்காது. பிரவுன் ட்ரவுட் மீன் கரையோரம் ஒதுங்கி வருவதும் இதே நாட்களில்தான். அதனால் ரீ-சேர்ட்டும் ஜீன்ஸுமாகக் கயாக்கில் இறங்குபவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம். கவிழ்ந்தால் காற்றின் 18 பாகையால் ஒரு பயனும் இல்லை. விழப்போகும் தண்ணீருக்குத்தான் உடுக்க வேண்டும்.

குளிர்நீரில் விழுந்தால் நடப்பதை மனிடோபா பல்கலைக்கழகத்தின் குளிர்நீர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கினார். திணறும் மூச்சை அடக்க ஒரு நிமிடம், கைகால் சொல் கேட்கும் 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். கயாக்காரருக்கு நடுவில் உள்ள அந்த 10 நிமிடம்தான் கணக்கு. கவிழ்ந்து கிடக்கும் கனமான மீன்பிடிக் கயாக்கைப் புரட்டி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். பருத்தித்துறைக் கடலில் நீந்தி வளர்ந்தவராக இருந்தாலும் இந்தத் தண்ணீரில் முதல் மூச்சு உள்ளே இழுபடுவதைத் தடுக்க முடியாது. அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

கோடை வந்தால் பயம் விட்டது என்றும் சொல்ல முடியாது. மேற்குக் காற்று தொடர்ந்து அடித்தால் வடகரையின் வெதுவெதுப்பான மேல்நீர் ஏரிக்குள் தள்ளப்பட்டு, அடியிலுள்ள குளிர்நீர் மேலே ஏறும். ஜூலையில்கூட ஒரே நாளில் 10 பாகை விழும். புறப்படுமுன் பார்க்க வேண்டியது ஏரியிலுள்ள அளவீட்டு மிதவைகள் காட்டும் நீர் வெப்பநிலையை. தொலைபேசியில் வரும் வானிலை அதைச் சொல்லாது.

எதைப் போடுவது? 3 மில்லிமீட்டர் கையில்லாத வெட் சூட் (உடலோடு ஒட்டும் நியோபிரீன் உடை) 15 பாகைக்கு மேலான தண்ணீருக்குப் போதும். மலிவு, முள் குத்தினாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் காற்றில் ஈரத்தோடு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து தூண்டில் போட அது உகந்த உடையல்ல. வேடர்ஸும் (மார்பு வரை வரும் நீர்புகாக் காற்சட்டை) மழை ஜாக்கெட்டும் பலருடைய தெரிவு. வேடர்ஸில் தண்ணீர் புகுந்தால் ஆளை அடியில் இழுத்துவிடும் என்பது கட்டுக்கதை. தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரமில்லை. சிக்கல் வெளியே ஏறும்போது வரும். கால் இரண்டிலும் நிறைந்த தண்ணீரோடு கயாக்கின் மேல் உடலை இழுத்துப் போட முடியாது. இடுப்புப் பட்டியை இறுக்கினால் புகுவது குறையும், நிற்காது. ஏப்ரல், மே, நவம்பருக்கு எங்கள் தெரிவு உடல் முழுவதும் தண்ணீர் புகாமல் மூடும் டிரை சூட் மட்டும். நல்லது ஆயிரம் கனேடிய டொலருக்கு மேல் போகும். அந்தப் பணத்துக்கு அது எத்தனை காலம் உழைக்கும் என்பது பெரும்பாலும் கழுத்திலும் ஸிப்பிலும்தான் இருக்கிறது.

கழுத்தில் தண்ணீர் புகாமல் இறுக்கும் ரப்பர்ப் பட்டையான லேடெக்ஸ் காஸ்கெட், புதிதில் எல்லோரையும் நெரிக்கும். உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். கழுத்தை விடச் சற்றுப் பெரிய சட்டியில் மாட்டி ஓரிரு இரவு வைத்தால் தானாக இளகும். அதற்குப் பிறகும் முகம் சிவந்து தலை கிறுகிறுத்தால் ஒரு வளையம் மட்டும் வெட்டிப் போட்டுப் பாருங்கள். வெட்டு வழுவழுப்பாக ஓட வேண்டும். ஓரத்தில் சின்னப் பிசிறு நின்றால் அடுத்த முறை தலையை நுழைக்கும்போது அங்கிருந்தே கிழியும். லேடெக்ஸுக்கு எண்ணெய் கலந்த வெயில் கிரீமும் டீட் கலந்த கொசு மருந்தும் எதிரிகள். ஒன்ராறியோவில் மே மாதம் கறுப்பு ஈக்கள் கடிக்கும் காலம் என்பதால் இது வெறும் எச்சரிக்கை அல்ல. மருந்தைத் தொப்பியில் அடியுங்கள், கழுத்தில் வேண்டாம். பருவத்தில் மாதம் ஒரு முறை 303 பாதுகாப்புத் திரவம் தடவி, வெயில் படாத இடத்தில் தொங்கவிட்டால் மூன்று, நான்கு வருடம் வரும். இழுத்துப் பார்க்கையில் நுண்ணிய வெடிப்புத் தெரிந்தாலோ, விரலில் ஒட்டினாலோ அந்த வருடமே மாற்றிவிடுங்கள். அக்குவாசீல் பசையால் வீட்டிலேயே ஒட்டலாம். ஒரு முழு நாள் காய விட வேண்டும்.

ஸிப் இரண்டு வகை. உலோக ஸிப் உறுதியானது, ஆனால் மடித்து அமுக்கினால் ஒரு பல் வளையும், பிறகு முழு ஸிப்பையும் மாற்ற வேண்டும். வெளிப்பக்கப் பற்களில் மெழுகு தேய்ப்பதைத் தவறவிடக் கூடாது. பிளாஸ்டிக் ஸிப் இலகு, துருப்பிடிக்காது. அதன் பலவீனம் கடைசி முனை. கடைசி அரை சென்டிமீட்டர் இழுத்துப் பொருத்தப்படாவிட்டால் மூடியதுபோலவே தோன்றும், தண்ணீரும் உள்ளே போகும். அந்த முனையில் சிலிக்கோன் கிரீஸ் வைக்க வேண்டும். இரண்டையும் விட அதிகமாக ஆட்களை நனைப்பது சிறுநீர் கழிக்கும் ஸிப். காலையில் கோப்பி குடித்து, கரையில் ஒதுங்கித் திறந்து, பாதி மூடிவிட்டு மறுபடி ஏறுவது. கயாக்கைத் தள்ளுமுன் இரண்டு ஸிப்பையும் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் போதும்.

இரண்டாம், மூன்றாம் பருவத்தில் 'சூட் ஒழுகுகிறது' என்ற முறைப்பாடு வரும். பெரும்பாலும் அது வியர்வை. வெளித்துணியின் நீர்விலக்கும் பூச்சு தேய்ந்தால் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்து, உள்ளிருந்து நீராவி வெளியேறும் வழி அடைபடும். நிக்வக்ஸ் டெக் வாஷ் என்ற நீர்புகாத் துணிகளுக்கான சலவைத் திரவத்தில் கழுவி, மீண்டும் பூச்சு அடித்தால் பாதி முறைப்பாடு மறையும். சாதாரணச் சலவைத்தூள் வேண்டாம். உண்மையான ஓட்டையா என்று அறிய, மணிக்கட்டையும் கழுத்தையும் அடைத்துச் சூட்டில் காற்றேற்றிச் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். மீன்பிடிக் கயாக்கில் ஓட்டை வரும் இடங்கள் அநேகமாக இரண்டு: இருக்கையில் உரசும் பின்புறம், மடியில் கிடத்திய மீனின் வாயிலிருந்து தெறிக்கும் மூன்று கொக்கி முள் குத்தும் தொடை. ஒற்றை முள்ளுக்கு மாறுவது சூட்டுக்கும் நல்லது, மீனை விடுவிக்கவும் எளிது.

டிரை சூட் குளிரைத் தடுக்காது, தண்ணீரைத்தான் தடுக்கும். சூடு உள்ளே போடுவதிலிருந்து வருகிறது. 5 பாகைக்கு மெரினோ அல்லது பொலியெஸ்டர் உள்ளுடை, மேலே தடித்த ஒற்றைத் துண்டு ஃபிளீஸ். 12 பாகைக்கு மெல்லிய ஃபிளீஸ் போதும். பருத்தி ஒன்றும் வேண்டாம், உள்ளாடை உட்பட. இறங்குமுன் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, கழுத்துக் காஸ்கெட்டை விரலால் இழுத்து உள்ளே உள்ள காற்றை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் விழும்போது காற்று காலுக்கு ஓடி, நிமிர்வது கடினமாகும். கம்பளிக் காலுறைக்கு இடம் விட்டு, பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறுகிய பூட்ஸில் இரத்தம் ஓடாது, விரல்தான் முதலில் மரக்கும். தலைக்கு 3 மில்லிமீட்டர் நியோபிரீன் தொப்பி, காது மூடும்படி. காதுக்குள் குளிர்நீர் புகுந்தால் தலை சுற்றி மேல் கீழ் தெரியாமல் போகும்.

லைஃப் ஜாக்கெட்டைச் சூட்டுக்கு மேல், எல்லா அடுக்கும் போட்ட பிறகு அளந்து வாங்குங்கள். காற்றடைக்கும் வகை இந்த வேலைக்குச் சரிவராது. உதவி கேட்கும் வீ.எச்.எஃப் கை வானொலி ஜாக்கெட்டோடு இருக்க வேண்டும். கயாக்கில் மாட்டியது கயாக்கோடு போய்விடும்.

கைக்கு இன்னும் நல்ல விடை கிடைக்கவில்லை. துடுப்பில் மாட்டும் கையுறை தூண்டில் பிடிக்கையில் உதவாது. 3 மில்லிமீட்டர் நியோபிரீனில் முடிச்சுப் போட முடியாது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் திறக்கும் 2 மில்லிமீட்டர் கையுறைதான் இப்போதைக்கு ஒப்பேற்றுகிறது, அதுவும் இரண்டு சோடி. ஈரமானதை மாற்ற, மற்றது உலர்பையில். தங்கூசி முடிச்சுகளை வீட்டிலேயே போட்டு, முன்நூலும் முள்ளும் கட்டிச் சுற்றி எடுத்துப் போங்கள். ஏரியில் கொளுவியை மாட்டினால் போதும் என்ற நிலையில் விரல் வெளியே இருக்கும் நேரம் பாதியாகக் குறையும்.