தங்கைக்கு ஆறு வாரம் லீவு வேண்டும்

இந்த முறை ஊருக்குப் போனது தங்கையின் குடலிறக்க ஆபரேஷனுக்காக. ஆறு வாரத்துக்குக் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அவள் மகனுக்குப் பதினாலு வயது, மூளை முடக்குவாதம், 38 கிலோ. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு அவள்தான் தூக்கிப் போகிறாள். ஆபரேஷனை இரண்டு வருஷம் தள்ளிப்போட்டதும் அதனால்தான்.

நான் இருப்பது இங்கிலாந்தில். என் மகளுக்கு ஆட்டிசம். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு கவுன்சில் (உள்ளாட்சி) செலவில் வேறொரு இல்லத்தில் தங்கிவிட்டு வருவாள். 'ஷார்ட் பிரேக்' என்பார்கள். பகல், இரவு, வார இறுதி, பள்ளி விடுமுறை என்று எல்லாவற்றுக்கும் முடிந்தவரை கவுன்சில் வழி செய்ய வேண்டும் என்று, பராமரிப்பாளர்களின் ஓய்வுக்கான 2011 விதிமுறை சொல்கிறது. துவண்டு விழப்போகிற பெற்றோருக்கு மட்டுமில்லை, கொஞ்சம் மூச்சுவிட்டால் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றால் அவர்களையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. விதிமுறையில் எனக்குப் பிடித்த வரி அது. (இந்த ஓய்வு சும்மா கிடைத்துவிடவில்லை. பதினோரு மாதம் மெயில் எழுதி வாங்கினேன்.)

ஊரிலும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பையனுக்கு யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது. நிராமயா காப்பீடு ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவு தரும். 1,500லிருந்து 2,000 ஆன பராமரிப்பு உதவித்தொகை மாதாமாதம் அவள் கணக்கில் ஏறுகிறது. ஆனால் பகலில் ஆள் போட ஒரு ஏஜென்சியில் விசாரித்தேன், நாளைக்கு 900 என்றார்கள். உதவித்தொகை மூன்றாவது நாளைத் தாண்டாது.

மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நேரில் போனேன். கவுன்டரில் இருந்தவர் தன்மையானவர்.

"ஹோம்ல சேர்க்கணுமா மேடம்?"

"இல்லைங்க, ஆறு வாரம் மட்டும். அம்மாவுக்கு ஆபரேஷன்."

"அப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்காங்கல்ல?"

இருக்கிறார்கள். அதுதான் சிக்கல். யாருமில்லாத பிள்ளை என்றால் அவரிடம் ஃபாரம் இருந்தது. அம்மா உள்ள பிள்ளைக்கு இல்லை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'சமர்த்' திட்டத்தில் குடும்பத்துக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுப்பதும் உண்டுதானே என்று கேட்டேன். "ஆமா, இருக்கு. இந்தப் பக்கம் சென்டர் கிடையாது" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து போனில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைத் திறந்தேன். 24ஆம் பிரிவில் அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்றே எழுதியிருக்கிறது. சட்டத்துக்குத் தெரிகிறது, பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான் என்று. அதைச் செய்பவளுக்கு ஒரு நாள் லீவு வேண்டும் என்பதுதான் எந்த ஃபாரத்திலும் ஏறவில்லை.

கடைசியில் அவன் படிக்கும் சிறப்புப் பள்ளியின் ஆயாம்மா காலையில் வந்தார். ராத்திரி மாப்பிள்ளையும் நானும். அக்குளுக்கடியில் கை கொடுத்து, முதலில் அவனை உட்காரவைத்து, பிறகு தூக்க வேண்டும். ஒரேயடியாகத் தூக்கினால் கால்களை விறைத்துக்கொள்வான். இது பிடிபட எனக்கு நாலு நாள் ஆனது.

தங்கை டிஸ்சார்ஜ் ஆகி வந்தாள். "எப்படி இருக்கு?" என்றேன். "ஆஸ்பத்திரில மூணு ராத்திரி முழுசாத் தூங்கினேன்க்கா" என்றாள்.

ஆறு வாரத்தில் நாலாவது வாரக் கடைசியில் எனக்கு ஃப்ளைட். மிச்சம் இரண்டு வாரத்துக்கு ஆயாம்மாவிடம் பேசியிருக்கிறோம். அவருக்கும் முழங்கால் வலி.