பட்ஜி கூண்டுக்கு 7,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

இன்று காலை பத்தரை மணிக்கு அந்தக் கூண்டு விற்றவன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். ஐந்து நாளாகப் பேசிப் பேசி, கெஞ்சி, கடைசியில் சத்தம் போட்டுப் பார்த்தும் போன பணம் போனதுதான். 7,400 ரூபாய். லாரி வாடகை 620 தனி. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூண்டு வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு பட்ஜி இருக்கிறது, குட்டிக் கிளி இனம். கடையில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். உண்மையில் லவ் பேர்ட் என்பது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறு பறவை, பட்ஜி ஆஸ்திரேலியாக்காரி. பாப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கியது. நீல நிறத்தில் ஆண், பெயர் குட்டு. மஞ்சளில் பெண், மின்னி. பறவையோடு கடைக்காரர் தள்ளிவிட்ட கூண்டு ஒரு அடிக்கு ஒரு அடி. விவரம் தெரியாமல் எட்டு மாதம் அதிலேயே வைத்திருந்தோம். நாள் முழுக்கக் கம்பியைப் பிடித்து ஏறுவதும் இறங்குவதும்தான் இரண்டுக்கும் வேலை. போன மாதம் மின்னி தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தாள். தினை போடும் கிண்ணத்தில் தினைக்கு மேலே மஞ்சள் பஞ்சு மாதிரி இறகு கிடந்தது. அதைப் பார்த்துத்தான் டாக்டரிடம் ஓடினேன்.

கால்நடை டாக்டர் முதலில் கேட்டதே கூண்டு எவ்வளவு பெரிது என்றுதான். சொன்னதும் முகம் மாறிவிட்டது. "பட்ஜி இறக்கையை விரிச்சாலே கிட்டத்தட்ட ஒரு அடிம்மா. ஒரு அடிக் கூண்டுல அது எப்படி விரிக்கும்?" என்றார். காட்டில் தண்ணியும் விதையும் தேடிக் கூட்டம் கூட்டமாய் எத்தனையோ மைல் பறக்கிற ஜாதியாம் இது. இரண்டு பறவைக்குக் குறைந்தது இரண்டரை அடி நீளம் வேண்டும், முடிந்தால் நாலு அடி செய்யுங்கள் என்றார். உயரத்தைப் பார்க்காதீர்கள், நீளத்தைப் பாருங்கள், இது பக்கவாட்டில்தான் பறக்கும் என்றும் சொன்னார்.

திருச்சியில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. எல்லா இடத்திலும் கோபுரம் மாதிரிக் கூண்டு, மேலே வீட்டுக் கூரை வைத்து, ஊஞ்சல் மாட்டி, பார்க்க அழகாக இருக்கும். நீளம் ஒன்றரை அடியைத் தாண்டாது. "உயரம் இருக்கே மேடம்" என்பார்கள். அப்படித்தான் போனில் தேட ஆரம்பித்து அந்தப் பக்கத்தில் போய் விழுந்தேன். கோவை பக்கம் ஒரு கூண்டு ஒர்க்‌ஷாப், சொல்கிற அளவில் செய்து லாரியில் அனுப்புவார்கள் என்று போட்டிருந்தது. வெள்ளைக் கூண்டுகள், உள்ளே பட்ஜிகள் வரிசையாய் உட்கார்ந்திருக்கும் படங்கள். (அந்தப் படங்கள் வெளிநாட்டுக் கடை ஒன்றினுடையவை என்று நேற்றுத்தான் கண்டுபிடித்தேன்.)

நான் ஏன் நம்பினேன் என்று என் வீட்டுக்காரரே கேட்கிறார். சொல்கிறேன். நான் போன் செய்ததும் அவன் விலை பேசவில்லை. "எத்தனை பறவைங்க்கா? எத்தனை மாசம் ஆச்சு? ஜோடியா?" என்று கேட்டான். பெயர் என்ன என்றுகூடக் கேட்டான். வட்டக் கூண்டு நல்லதா என்றேன். "ஐயோ, வேண்டாங்க்கா. அதுல ஒதுங்கறதுக்கு ஒரு மூலை இருக்காது, குருவி பயந்துக்கும்" என்றான். டாக்டர் சொன்னதும் அதுவேதான். பணம் இடிக்கிறதே, மூன்று அடி போதுமா என்று நானே கேட்டதற்கு, "நாலடியே போடுங்க்கா, பாவம் வாயில்லாத ஜீவன், நல்லாப் பறக்கட்டும்" என்றான். விற்கிறவன் ஒருத்தன் பறவைக்காகப் பேசுகிறான் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தம்பி தம்பி என்றுதான் பேசினேன். என் குருவிகள்மேல் எனக்கு இருக்கிற பாசத்தை வைத்தே என்னிடம் பணம் பறித்திருக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேசினது இதுதான். நீளம் 48 அங்குலம், அகலம் 24, உயரம் 24. கம்பி இடைவெளி அரை அங்குலம். வெள்ளை பவுடர் கோட்டிங். அடியில் இழுக்கிற ட்ரே. மொத்தம் 7,400 ரூபாய். முன்பணம் 3,500 அனுப்பினேன். யுபிஐயில் வந்த பெயர் ஒர்க்‌ஷாப் பெயர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். கேட்டதற்கு "வீட்டுக்காரி அக்கவுன்ட்டுங்க்கா" என்றான். சரி என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து, கூண்டு ரெடி, மீதி 3,900 போட்டால் இன்றே லாரியில் ஏற்றிவிடுவேன் என்றான். அளந்து வீடியோ அனுப்பு தம்பி, பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்!

வீடியோ வந்தது. கூண்டுமேல் மஞ்சள் இன்ச் டேப்பை வைத்து, கேமராவை மெதுவாக வலது பக்கம் நகர்த்தி, கூண்டு முடிகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினான். 48. தெளிவாக 48. கோட்டிங் இல்லாமல் வெறும் கம்பியாக இருக்கிறதே என்றேன். "இன்னிக்கு சாயந்தரம் கோட்டிங் போகுதுங்க்கா, கோட்டிங் முடிஞ்சாத்தான் வண்டி ஏத்துவேன்" என்றான். 3,900 அனுப்பிவிட்டேன். அதில் 1,100 ரூபாய் பாப்பா உண்டியலை உடைத்துக் கொடுத்த காசு.

போன சனிக்கிழமை லாரி ஆபீஸில் இருந்து கூப்பிட்டார்கள். லாரி வாடகை கட்டி அனுப்புவதாகச் சொன்னவன் டூ பே (வாங்குகிறவரே வாடகை கட்டுவது) போட்டிருந்தான், 620 கட்டி எடுத்தேன். சாக்குப் பையில் சுற்றிய மூட்டையைத் தூக்கும்போதே திக் என்றது. நாலடிக் கூண்டை ஒற்றை ஆளாக இடுப்பில் வைத்துத் தூக்க முடியுமா? வீட்டில் அளந்தேன். நீளம் 24 அங்குலம், சரியாகப் பாதி. அகலம் 18. உயரம் மட்டும் பேசினபடி 24. கம்பி இடைவெளி ஒரு அங்குலம். கோழிக்கூண்டுக்குப் போடுகிற ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை, பவுடர் கோட்டிங் பொட்டுக்கூட இல்லை. வெட்டின முனைகள் ஊசி மாதிரி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. விரலால் தடவினால் வெள்ளையாகப் பொடி ஒட்டியது.

அப்புறம் அந்த வீடியோவை மறுபடி போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடது பக்கம் டேப்பின் நுனி தெரியவே இல்லை. அவன் கை மூடியிருக்கிறது. கட்டைவிரல் ஓரத்தில் ஒரு எண் மட்டும் எட்டிப் பார்க்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். 25. டேப்பை 24-ல் இருந்து பிடித்துக்கொண்டு 48-ஐக் காட்டியிருக்கிறான். இதைத் தெரியாமல் செய்ய முடியாது. உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறான்.

வந்தது வந்துவிட்டது, பழையதைவிடப் பெரிதுதானே என்று பாப்பா அழுததால் ஞாயிற்றுக்கிழமை ஹாலைச் சாத்திவிட்டு இரண்டையும் அதில் விட்டுப் பார்த்தோம். பத்து நிமிஷம் இருக்கும். கீச் என்று ஒரு சத்தம், குட்டு அதுவரை கத்தாத மாதிரி. தலையும் ஒரு பக்க இறக்கையும் கம்பிக்கு வெளியே, உடம்பு உள்ளே. இழுத்தால் இறக்கை முறிந்துவிடும். வீட்டுக்காரர் கட்டிங் பிளேயர் எடுத்து வர, நான் கைக்குள் அதன் உடம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது என் உள்ளங்கையில் தெரிந்தது. மூன்று கம்பியை வெட்டித்தான் வெளியே எடுத்தோம். கழுத்தில் ஒரு பக்கம் இறகே இல்லை, தோல் சிவந்து போயிருந்தது. உயிர் பிழைத்ததே புண்ணியம்.

டாக்டருக்குப் போன் செய்தால், அந்தக் கூண்டில் இனி ஒரு நிமிஷம்கூட விடாதீர்கள் என்றார். ஜிஐ கம்பியில் மேல்பூச்சு துத்தநாகம். பட்ஜி சும்மா இருக்காது, அலகால் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பொடி வயிற்றுக்குள் போனால் விஷம். வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவினால் குறையுமே தவிர முழுக்கப் போகாது என்றார்.

இனி அவன் சொன்ன சாக்குகள். சனிக்கிழமை: "லாரி ஆபீஸ்ல மாத்திட்டாங்க போலருக்குங்க்கா, திங்கக்கிழமை பாக்கறேன்." திங்கட்கிழமை: வெல்டர் லீவு, அவன்தான் அளவை மாற்றிவிட்டான். செவ்வாய்: ஸ்டாண்டு வைத்தால் நாலடி வரும், நாலடி என்றது அதைத்தான். நான் ஸ்டாண்டே கேட்கவில்லை! டேப் விஷயத்தைச் சொல்லி வீடியோவைத் திருப்பி அனுப்பியதும் அக்கா போய் மேடம் வந்துவிட்டது. "மேடம், அரையடிக் குருவிக்கு இது போதும். திருப்பி எடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை." வாயில்லாத ஜீவன் நல்லாப் பறக்கட்டும் என்று சொன்ன அதே வாய்.

நேற்றுச் சொன்னதுதான் உச்சம். போலீஸுக்குப் போவேன் என்றேன். "போங்க மேடம். கிளி வளர்க்க உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா? ஃபாரஸ்ட்காரங்க உங்களைத்தான் பிடிப்பாங்க." ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. இந்த மிரட்டலுக்குப் பயந்து எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்களோ. எல்லாருக்கும் சொல்கிறேன், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைக்கக் கூடாதது நம் ஊர்ப் பச்சைக்கிளி. பட்ஜி வெளிநாட்டு இனம், கூண்டிலேயே குஞ்சு பொரித்துத் தலைமுறை தலைமுறையாய் வளர்ந்து வருவது. அதை வளர்ப்பது குற்றம் இல்லை, லைசென்ஸும் வேண்டாம். டாக்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இன்று காலை சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து சொன்னேன். பொருள் ஒன்று வந்திருப்பதால் நுகர்வோர் புகாராகவும் கொடுங்கள் என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 7,400 ரூபாய்க்கு யார் அலைவார்கள் என்ற தைரியத்தில்தானே இவன் தொழில் நடக்கிறது. நான் அலைவேன்.

வாங்குகிறவர்களுக்கு: அளக்கிற வீடியோவில் டேப்பின் நுனி, அந்தக் கொக்கி, கூண்டு ஓரத்தில் மாட்டியிருப்பது தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கோட்டிங் முடிந்த பிறகு படம் பார்க்காமல் மீதிப் பணம் போடாதீர்கள். பெயர் மாறின அக்கவுன்ட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். முடிந்தால் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் எதிரே நின்று செய்து வாங்குங்கள். பேசியதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிளாக் செய்தபின் அந்தப் பக்கத்தையே காணோம். இன்னும் எழுத நினைத்தேன், இப்போது ஒன்றும் ஓடவில்லை.

இரண்டும் அந்தப் பழைய ஒரு அடிக் கூண்டிலேயேதான் இருக்கின்றன. சாயங்காலம் ஒரு மணி நேரம் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஹாலில் பறக்க விடுகிறோம். குட்டு நேற்றுவரை வெளியே வரவில்லை. பாப்பா இப்போது கூண்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நானும் போகிறேன்.